எங்கேயோ ஒரு எண்ணெய்க் குழாய் நின்றால் சிவகாசியில் டீசல் விலை ஏறுமா? குழாய், விலை, சப்ளை: முழு விளக்கம்

விருதுநகர் பஜாரில் போய் "எண்ணெய் விலை என்னாச்சு?" என்று கேட்டால், நல்லெண்ணெய், கடலெண்ணெய், பாமாயில் விலையைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் அந்த நல்லெண்ணெய் டின்னை ஏற்றிப் போகும் லாரி ஓடுவது இன்னொரு எண்ணெயில். சிவகாசி பட்டாசு வடமாநிலங்களுக்குப் போவதும் அதே டீசலில்தான்.

டிவியில் அடிக்கடி ஒரு செய்தி வரும். "எண்ணெய்க் குழாய் மீது ட்ரோன் தாக்குதல்", "குழாய் மூடல், கச்சா எண்ணெய் விலை உயர்வு". பார்த்தவுடன் லாரி வைத்திருப்பவர்களுக்கும், தீபாவளி சரக்கு அனுப்பக் காத்திருப்பவர்களுக்கும் ஒரே கேள்விதான்: நாளைக்கு நம்ம பங்க்கில் விலை ஏறுமா? ஸ்டாக் இருக்குமா?

இது ஒரே கேள்வி மாதிரி தெரியும். உண்மையில் இரண்டு கேள்விகள். விலை என்பது வேறு, சப்ளை என்பது வேறு. ஒரு குழாய் இந்த இரண்டையும் எப்படித் தொடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்ம ஊர் பங்க்குக்கு டீசல் எங்கிருந்து வருகிறது?

இந்தியா பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் கச்சா எண்ணெய், குழாய் வழியாக மணலியில் உள்ள சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது. 1969-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை இது. 'மெட்ராஸ் ரிஃபைனரீஸ்' என்பது பழைய பெயர். இன்று ஆண்டுக்கு 1 கோடியே 5 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் இதற்கு உண்டு.

அங்கே பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் என்று பிரிக்கப்பட்ட பிறகு, தென் மாவட்டங்களுக்கான முக்கியப் பாதை நிலத்துக்கு அடியில் தொடங்குகிறது. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் சென்னை–திருச்சி–மதுரை குழாய்தான் அது. சேலம் பக்கம் சங்ககிரிக்குப் பிரியும் கிளையையும் சேர்த்தால் நீளம் 680 கிலோமீட்டருக்கு மேல். மதுரைக்கு வந்து சேரும் எண்ணெய் பெரிய தொட்டிகளில் இறங்குகிறது. அங்கிருந்து டேங்கர் லாரியில் ஏறி பங்க்குகளுக்குப் போகிறது. திருமங்கலத்தைத் தாண்டி விருதுநகர் நோக்கி நான்குவழிச் சாலையில் போகிறவர்களுக்கு இந்த டேங்கர் வரிசை பழகிப்போன காட்சி.

இது மட்டும்தான் பாதையா? இல்லை. தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கப்பலிலும் பெட்ரோல், டீசல் வருகிறது. கொச்சி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து கோவை வழியாகக் கரூருக்கு 292 கிலோமீட்டர் நீளத்தில் பாரத் பெட்ரோலியத்தின் குழாய் இருக்கிறது. சரக்கு ரயிலும் உண்டு. ஒரு பாதை நின்றாலும் இன்னொரு பாதையில் சமாளிக்க முடிவதற்கு இதுதான் காரணம்.

ஒரே குழாயில் பெட்ரோலும் டீசலுமா? கலந்துவிடாதா?

பலருக்கு இருக்கும் சந்தேகம் இது. ஆமாம், ஒரே குழாய்தான். ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. முதலில் சில ஆயிரம் கிலோலிட்டர் டீசல், அதன் பின்னாலேயே மண்ணெண்ணெய், அடுத்து பெட்ரோல் என்று ரயில் பெட்டிகள் மாதிரி வரிசையாக அனுப்புவார்கள்.

இரண்டு சரக்கும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் கொஞ்சம் கலக்கத்தான் செய்யும். அந்தப் பகுதி வரும்போது அடர்த்தி மாறும். கருவிகள் அதைக் கண்டுபிடித்துச் சொல்லும். கலந்த பகுதியைத் தனித் தொட்டியில் பிரித்து எடுத்துவிடுவார்கள். பங்க்குக்கு அது வராது.

குழாயில் எண்ணெய் போகும் வேகத்தைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். பொதுவாக மனிதன் நடக்கும் வேகம்தான், அல்லது அதைவிடக் கொஞ்சம் அதிகம். மணிக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 500 கிலோமீட்டரைக் கடக்க 100 மணி நேரம். அதாவது இன்று சென்னையில் ஏற்றும் டீசல் மதுரைக்கு வந்து சேர நான்கு நாளுக்கு மேல் ஆகும்.

இன்னொரு விஷயம். குழாய் எப்போதும் நிரம்பியே இருக்க வேண்டும். இந்த முனையில் ஒரு லிட்டர் தள்ளினால்தான் அந்த முனையில் ஒரு லிட்டர் வெளியே வரும். இடையில் ஒரு பம்பிங் ஸ்டேஷன் நின்றால், குழாய் முழுக்க எண்ணெய் இருந்தும் மதுரையில் ஒரு சொட்டு இறங்காது.

லாரியே போதாதா? குழாய் எதற்கு?

ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரியும்.

10 லட்சம் டன் டீசல் என்பது சுமார் 120 கோடி லிட்டர். 20,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரியில் அனுப்பினால் 60,000 லோடு. வருஷம் முழுக்க, தீபாவளி, பொங்கல் லீவு இல்லாமல், ஒரு நாளைக்கு 160-க்கு மேல் லாரி கிளம்ப வேண்டும். அதே எண்ணிக்கை காலியாகத் திரும்பி வர வேண்டும். சென்னை–மதுரை சாலையில் இத்தனை டேங்கர் கூடுதலாக ஓடினால் என்ன ஆகும்?

ரயிலில் என்றால், ஒரு வண்டிக்கு 2,500 டன் என்று வைத்தாலும் 400 வண்டிகள். குழாய்க்கு இந்தப் போக்குவரத்து நெரிசல் கிடையாது. மழை, மறியல், டிரைவர் பற்றாக்குறை எதுவும் பெரிதாகப் பாதிக்காது. ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக ஆகும் செலவும் குறைவு. சாலை விபத்தில் டேங்கர் கவிழ்ந்து தீப்பிடிக்கும் ஆபத்தும் அந்த அளவுக்குக் குறைகிறது.

தீப்பிடிக்கும் ஆபத்து என்றால் என்ன என்று சிவகாசிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கே பலருக்குத் தெரியாத ஒரு தொடர்பு உண்டு. பட்டாசு ஆலைகளுக்கு உரிமம் தரும் மத்திய அரசின் 'பெசோ' அமைப்புதான், பெட்ரோல் பங்க்குகளுக்கும் எண்ணெய்க் கிடங்குகளுக்கும் பாதுகாப்பு அனுமதி தருகிறது. பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு என்பது அதன் முழுப் பெயர். தலைமையகம் நாக்பூர். சிவகாசியிலும் அதற்கு அலுவலகம் இருக்கிறது.

செலவு குறைவு என்றால் விலையும் குறையணுமே?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். குழாய் வந்துவிட்டது, அப்போ டீசல் விலை குறையும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பங்க்கில் நாம் கொடுக்கும் விலை இப்படித்தான் சேர்கிறது:

1. அடிப்படை விலை: உலகச் சந்தையில் பெட்ரோல், டீசல் என்ன விலைக்குப் போகிறதோ, அதையும் டாலர் மதிப்பையும் வைத்து முடிவாகிறது. மணலியில் சுத்திகரித்த டீசலாக இருந்தாலும் கணக்கு உலக விலைதான்.

2. போக்குவரத்துச் செலவு: கிடங்கிலிருந்து பங்க்குக்குக் கொண்டுவரும் செலவு.

3. மத்திய அரசின் கலால் வரி: லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்ட தொகை.

4. பங்க் உரிமையாளரின் கமிஷன்.

5. மாநில அரசின் வாட் வரி: தமிழ்நாட்டில் 2020 மே மாதத்தில் டீசலுக்கு 11 சதவீதமும், அதற்கு மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் என்று மாற்றினார்கள். பெட்ரோலுக்கு 2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் 3 ரூபாய் குறைத்தபோது 13 சதவீதமும், லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் என்று ஆனது.

இந்த ஐந்தில் குழாய் நேரடியாகத் தொடுவது இரண்டாவதை மட்டும்தான். அதுவும் மொத்த விலையில் சின்னப் பங்கு. அதனால்தான் சென்னைக்கும் தென் மாவட்டங்களுக்கும் இடையே விலை வித்தியாசம் பெரிதாக இருப்பதில்லை. 2024 அக்டோபர் இறுதியில் எண்ணெய் நிறுவனங்கள் ஒரே மாநிலத்துக்குள் இருக்கும் இந்தப் போக்குவரத்து வித்தியாசத்தைச் சீரமைத்தன. கிடங்கிலிருந்து தூரமாக இருக்கும் பல ஊர்களில் விலை கொஞ்சம் குறைந்தது.

குழாயில் அனுப்புவதற்கான கட்டணத்தையும் நிறுவனங்கள் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் 2010-ல் கொண்டுவந்த விதிகளில், ரயில் கட்டணத்தின் 75 சதவீதம் என்பது ஓர் அளவுகோலாக வைக்கப்பட்டது. அதாவது குழாயால் மிச்சம் உண்டு. ஆனால் அந்த மிச்சம் லிட்டருக்குப் பைசா கணக்கில்தான் நம் கைக்கு வரும், ரூபாய் கணக்கில் அல்ல.

உலக விலை ஏறினால் எவ்வளவு ஏறும்?

ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். உலகச் சந்தையில் பீப்பாய்க்கு 10 டாலர் ஏறுகிறது, ஒரு டாலர் 90 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 900 ரூபாயை 159 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு சுமார் 5 ரூபாய் 66 காசு. அதன் மேல் 11 சதவீத வாட் சேர்ந்தால் சுமார் 6 ரூபாய் 28 காசு.

இது பேப்பர் கணக்கு. பங்க்கில் உடனே இப்படி ஏறும் என்று அர்த்தமில்லை. பெட்ரோல் விலை நிர்ணயம் 2010 ஜூனிலும், டீசல் விலை நிர்ணயம் 2014 அக்டோபரிலும் எண்ணெய் நிறுவனங்களிடம் விடப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை 6 மணிக்கு விலை மாறும் முறை வந்தது. ஆனால் நடைமுறை வேறு. 2021 நவம்பர் தொடக்கம் முதல் 2022 மார்ச் 22 வரை 137 நாட்கள் நிறுவனங்கள் விலையைத் தொடவே இல்லை. இடையில் உக்ரைன் போர் வெடித்து கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டியிருந்தது. பிறகு இரண்டே வாரத்தில் லிட்டருக்கு 10 ரூபாய் ஏறியது.

அப்போ, உலகத்தில் ஒரு குழாய் நின்றால் என்ன ஆகும்?

எந்தக் குழாய் என்பதைப் பொறுத்தது. மூன்று உண்மைச் சம்பவங்களைப் பார்க்கலாம்.

சவுதி, 2019: செப்டம்பர் 14-ம் தேதி அப்கைக் எண்ணெய் ஆலை ட்ரோன், ஏவுகணைகளால் தாக்கப்பட்டது. சவுதி வயல்களிலிருந்து வரும் கச்சா எண்ணெயைக் குழாய்களுக்கும் கப்பல்களுக்கும் தயார்படுத்தும் இடம் அது. ஒரே நாளில் சுமார் 57 லட்சம் பீப்பாய் உற்பத்தி நின்றது. இது உலக சப்ளையில் 5 சதவீதத்துக்கு மேல். அடுத்த வர்த்தக நாளில் பிரெண்ட் கச்சா எண்ணெய் விலை சுமார் 15 சதவீதம் எகிறியது. கச்சா எண்ணெயின் பெரிய பாதை அடைபட்டால் உலகத்துக்கே விலை ஏறும் என்பதற்கு இது உதாரணம்.

அமெரிக்கா, 2021: மே 7-ம் தேதி கலோனியல் பைப்லைன் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களை ஹேக்கர்கள் முடக்கினார்கள். 8,850 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் குழாயை நிறுவனமே நிறுத்தியது. அமெரிக்கக் கிழக்குக் கடற்கரைக்குத் தேவையான எரிபொருளில் சுமார் 45 சதவீதம் அதில்தான் போய்க்கொண்டிருந்தது. மே 12-ல்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது. அதற்குள் ஆயிரக்கணக்கான பங்க்குகள் வறண்டன. மக்கள் பயத்தில் வாங்கிக் குவித்தது பாதிக் காரணம். ஆனால் கச்சா எண்ணெயின் உலக விலை பெரிதாக அசையவில்லை. காரணம், நின்றது பெட்ரோல், டீசல் போகும் உள்நாட்டுக் குழாய். அங்கே தட்டுப்பாடு, இங்கே ஒன்றும் இல்லை.

அமெரிக்கா, 2020: இது தலைகீழ் கதை. கொரோனா ஊரடங்கில் எண்ணெய் வாங்க ஆள் இல்லை. பல குழாய்கள் வந்து சேரும் ஓக்லஹோமாவின் குஷிங் நகரில் தொட்டிகள் நிரம்பும் நிலை. ஏப்ரல் 20-ம் தேதி அமெரிக்கக் கச்சா எண்ணெய் ஒப்பந்த விலை மைனஸ் 37.63 டாலருக்குப் போனது. அதாவது "எண்ணெயையும் எடுத்துக்கோ, பணமும் தர்றேன்" என்கிற நிலை!

அப்போது நம் ஊரில் விலை குறைந்ததா? இல்லை. 2020 மே முதல் வாரத்தில் மத்திய அரசு கலால் வரியை பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் உயர்த்தியது. தமிழ்நாடு அரசின் வாட் மாற்றத்தால் இங்கே விலை ஏறவே செய்தது. உலக விலை ஏறும்போது நமக்கு ஏறும். குறையும்போது குறைவது வரியின் கையில் இருக்கிறது.

இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்து குழாய் இருக்கிறதா?

கச்சா எண்ணெய் கொண்டுவரும் சர்வதேசக் குழாய் எதுவும் இந்தியாவுக்கு இல்லை. நம் நம்பிக்கை முழுக்கக் கப்பலில். ஆனால் வெளிநாட்டுக் குழாய்கள் நம்மை மறைமுகமாகக் காப்பாற்றுகின்றன.

எப்படி? வளைகுடா நாடுகளின் எண்ணெய்க் கப்பல்கள் ஹோர்முஸ் நீரிணை என்ற குறுகிய கடல் வழியைக் கடக்க வேண்டும். 2024 நிலவரப்படி தினமும் சுமார் 2 கோடி பீப்பாய் அந்த வழியாகப் போனது. உலகப் பயன்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த வழி அடைபட்டால் மாற்று வழி குழாய்தான். சவுதியின் கிழக்கிலிருந்து செங்கடல் ஓரத்து யான்பு துறைமுகத்துக்கு 1,200 கிலோமீட்டர் குழாய் போகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஹப்ஷானிலிருந்து ஃபுஜைரா துறைமுகத்துக்கு 2012 முதல் ஒரு குழாய் ஓடுகிறது. இந்த இரண்டும் ஹோர்முஸைத் தொடாமல் எண்ணெயை வெளியே கொண்டுவரும். ஆனால் மொத்த அளவையும் இவற்றால் தாங்க முடியாது. அதனால்தான் இந்தக் குழாய்களுக்கு ஆபத்து என்று செய்தி வந்தாலே சந்தை பதறுகிறது.

நாட்டுக்குள் குழாய் நின்ற அனுபவம் நமக்கும் உண்டு. அசாம் போராட்டத்தின்போது, 1979 இறுதியிலிருந்து, அங்கிருந்து கச்சா எண்ணெய் வெளியே போகாமல் போராட்டக்காரர்கள் தடுத்தார்கள். அசாமிலிருந்து பீகாரின் பரௌனி சுத்திகரிப்பு ஆலைக்குப் போகும் குழாய் மாதக்கணக்கில் நின்றது. அதே நேரத்தில் ஈரான் புரட்சியால் உலகச் சந்தையிலும் விலை எகிறியிருந்தது. உள்ளேயும் அடி, வெளியேயும் அடி.

இப்படிப்பட்ட நாட்களுக்காகத்தான் விசாகப்பட்டினம், மங்களூரு, படூர் ஆகிய மூன்று இடங்களில் பாறைகளுக்குள் குடைந்து அவசரகால இருப்புக் கிடங்குகள் அமைத்திருக்கிறார்கள். மொத்தம் 53 லட்சம் டன் கச்சா எண்ணெய் பிடிக்கும். திட்டக் கணக்குப்படி, முழுதாக நிரப்பினால் நாட்டின் ஒன்பதரை நாள் தேவைக்கு வரும். எண்ணெய் நிறுவனங்களின் சொந்தத் தொட்டிகளில் இருக்கும் ஸ்டாக் இதற்கு மேல்.

சரி, சென்னை–மதுரை குழாயே நின்றால்?

பராமரிப்புக்காகச் சில நேரம் நிறுத்துவது வழக்கம்தான். அது நமக்குத் தெரியவே தெரியாது. கிடங்குத் தொட்டிகளில் இருக்கும் ஸ்டாக் அந்த இடைவெளியைத் தாங்கும்.

நீண்ட நாள் நின்றால்? தூத்துக்குடிக்குக் கப்பலில் கூடுதலாக வரவழைப்பார்கள். கரூர் பக்கமிருந்து லாரியில் அனுப்புவார்கள். சரக்கு ரயில்களைக் கூட்டுவார்கள். போக்குவரத்துச் செலவு ஏறும். ஆனால் அது உடனே பங்க் விலையில் தெரியாது. தெரிவது வேறு: லோடு லேட்டாக வரும், சில பங்க்குகளில் 'ஸ்டாக் இல்லை' போர்டு தொங்கும். முதலில் பாதிக்கப்படுவது நகரத்து பெரிய பங்க் அல்ல. உள்ளூர் ரோட்டில், சின்னத் தொட்டி வைத்திருக்கும் கிராமத்து பங்க்தான்.

இன்னொரு பாடமும் உண்டு. 2024 ஜனவரி முதல் வாரம், விபத்து வழக்குகளுக்கான புதிய சட்டப் பிரிவை எதிர்த்து வடமாநிலங்களில் லாரி டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குழாய்கள் ஓடின. கிடங்குகளில் எண்ணெய் இருந்தது. ஆனால் கிடங்கிலிருந்து பங்க்குக்குக் கொண்டுபோக ஆள் இல்லை. மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், பஞ்சாப் என்று பல இடங்களில் பங்க் வாசலில் நீண்ட வரிசை. குழாய் எவ்வளவு நீளமாக இருந்தாலும், கடைசி 50 கிலோமீட்டர் லாரி டிரைவர் கையில்தான்.

இந்த மாதிரி நேரத்தில் கேனில் வாங்கிச் சேமித்து வைப்பது தட்டுப்பாட்டை இன்னும் கூட்டும். பட்டாசுக் கிடங்கு, தீப்பெட்டி யூனிட், அச்சகப் பேப்பர் குடோன் நிறைந்த ஊரில் அது ஆபத்தும்கூட.

சிவகாசிக்கு எங்கே வலிக்கும்?

மூன்று இடங்களில்.

முதலாவது, லாரி வாடகை. இந்தியாவின் பட்டாசு உற்பத்தியில் சுமார் 90 சதவீதம் சிவகாசி வட்டாரத்தில்தான் என்று தொழில்துறையினர் சொல்கிறார்கள். பயணிகள் ரயிலில் பட்டாசு கொண்டுபோகத் தடை. எல்லாம் லாரிதான். ஆடிப்பெருக்கில் விற்பனையைத் தொடங்கி, விலைப்பட்டியல் கொடுத்து, ஆர்டர் எடுத்த பிறகு டீசல் விலை ஏறினால், அந்தக் கூடுதல் வாடகையை யார் தாங்குவது என்பதில்தான் இழுபறி. பெரிய ஆலைகள் தாக்குப்பிடிக்கும். சின்ன யூனிட்டுகளுக்கு அந்தச் சீசன் லாபமே கரையலாம்.

இரண்டாவது, மெழுகு. தீக்குச்சியின் மருந்து பற்றிய பிறகு நெருப்பு குச்சியில் ஏறுவதற்குக் காரணம், குச்சி முனையில் தோய்த்திருக்கும் பாரஃபின் மெழுகு. அது கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் பொருள். மணலி ஆலை அதைத் தயாரிக்கிறது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி தீப்பெட்டித் தொழிலுக்கு மணலியுடன் இருக்கும் உறவு டீசலோடு முடிந்துவிடுவதில்லை. கச்சா எண்ணெய் விலை ஏறினால் மெழுகு விலையும் ஏறும். ஆனால் ஒரு தீப்பெட்டியின் சில்லறை விலையை நினைத்தபடி ஏற்ற முடியாது. 2021 டிசம்பரில் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆக்குவதற்கே 14 வருஷம் ஆனது.

மூன்றாவது, ஜெனரேட்டர். கரண்ட் போனால் அச்சகங்கள் டீசலில் ஓடும். பெட்ரோலும் டீசலும் இன்னும் ஜிஎஸ்டி-க்குள் வரவில்லை. அதனால் டீசலுக்குக் கட்டிய வரியை, மற்ற மூலப்பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டி மாதிரிக் கழித்துக்கொள்ள முடியாது. ஏறிய விலை முழுக்க அடக்கவிலையில் போய் உட்காரும்.

குழாய் போகும் நிலத்துக்காரருக்கு என்ன கிடைக்கும்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் குழாய்க் கதை முழுமையாகாது. 1962-ல் வந்த மத்தியச் சட்டப்படி, குழாய் பதிக்க நிலத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. 'பயன்படுத்தும் உரிமை' மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நிலம் விவசாயி பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய் போகும் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. சட்டத்தில் சொல்லியிருக்கும் இழப்பீடு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிர்ச் சேதத்துக்குத் தனி.

இதை எதிர்த்துத்தான் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகள் கெயில் எரிவாயுக் குழாய்க்கு எதிராகப் போராடினார்கள். 2013-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விளைநிலங்களைத் தவிர்த்து நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 பிப்ரவரியில் மாநில அரசின் மனு தள்ளுபடியானது. கோவை இருகூரிலிருந்து பெங்களூரு பக்கம் தேவனகொந்தி வரை போகும் பெட்ரோலியக் குழாய்த் திட்டத்திலும் விவசாயிகள் கேட்டது அதையேதான்: "ரோட்டோரமாகக் கொண்டு போங்க."

கசிவு பயமும் கற்பனை அல்ல. 2013-ல் வடசென்னையின் தண்டையார்பேட்டையில் வீடுகளின் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்து வந்ததை மக்கள் பார்த்தார்கள். நாடு முழுக்கக் கிடைக்கும் நன்மைக்கான ஆபத்தை, குழாய்க்கு மேல் வாழ்கிறவர்கள் மட்டும் சுமக்கிறார்கள் என்ற கோபத்தில் நியாயம் இருக்கிறது.

கேஸ் குழாயும் இதுவும் ஒன்றா?

இல்லை. 2021 பிப்ரவரி 17-ல் பிரதமர் மோடி தொடங்கிவைத்த 143 கிலோமீட்டர் ராமநாதபுரம்–தூத்துக்குடி குழாய், இயற்கை எரிவாயுவுக்கானது. அதில் பெட்ரோல், டீசல் போகாது. அதனால் பங்க் டீசல் விலையுடன் அதற்கு நேரடித் தொடர்பு இல்லை.

அடுத்த முறை செய்தி வரும்போது எதைப் பார்க்க வேண்டும்?

"குழாய் மூடல்" என்று பிளாஷ் நியூஸ் ஓடினால், இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. நின்றது கச்சா எண்ணெய்க் குழாயா, பெட்ரோல்–டீசல் குழாயா? கச்சா என்றால் உலக விலை ஏற வாய்ப்பு. மற்றது என்றால் அந்தப் பகுதிக்குத்தான் பெரும் பாதிப்பு.

2. எத்தனை பீப்பாய், எத்தனை நாள்? இரண்டு நாள் நிறுத்தத்தைத் தொட்டி ஸ்டாக் தாங்கும். இரண்டு மாதத்தைத் தாங்காது.

3. மாற்று வழி இருக்கிறதா? இருந்தால் பதற்றம் சீக்கிரம் அடங்கும்.

4. வரி மாறுகிறதா, டாலர் மாறுகிறதா? பங்க் விலைக்குக் குழாயைவிட இவை முக்கியம்.

சுருக்கமாகச் சொன்னால், மதுரை வரை வரும் குழாய் நமக்கு டீசலை மலிவாக்கித் தருவதில்லை. தீபாவளி நெருக்கத்தில் சரக்கு ஏற்றி நிற்கும் லாரிக்கு டீசல் இல்லை என்ற நிலை வராமல் பார்த்துக்கொள்கிறது. விலை ஏன் ஏறியது என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டிய இடம் உலகச் சந்தையும் வரிப் பட்டியலும்தான்.